பாய்மரப் படகின் கேபினில் ஒழுகலை நிறுத்தி மரத்தரையைக் காப்பது எப்படி: டர்பனில் படகு வைத்திருப்பவர்களுக்கு

டர்பனில் பழைய பாய்மரப் படகு வாங்கிய நம்மவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். "கேபின் தரை கறுத்துக் கிடக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கை வார்னிஷ் அடித்தால் சரியாகிவிடுமா?" ஆகாது. தரை கறுத்ததற்குக் காரணம் தரையில் இல்லை. மேலேயோ பக்கத்திலோ எங்கேயோ தண்ணீர் உள்ளே வருகிறது, அது வழிந்து வந்து கடைசியில் தங்குகிற இடம்தான் அந்தப் பலகைகளின் அடிப்பக்கம். வருகிற தண்ணீரை நிறுத்தாமல் மேலே வார்னிஷ் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறீர்கள், அடுத்த மழைக்காலத்துக்குள் வெனீர் (பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல்) கொப்புளித்துக்கொண்டு மேலே வரும். தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும், மரத்தை நன்றாகக் காயவிட வேண்டும், அப்புறம்தான் பூச்சு. இதில் காயவிடுவதைத்தான் பலரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள், பணமும் உழைப்பும் வீணாவது அங்கேதான்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டர்பனில் ஆண்டுக்கு சுமார் 1000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். தைப்பூசக் காவடி எடுக்கும் சமயத்தில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது ஒழுகலைத் தேடலாம், அதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. வார்னிஷ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். ஊரெல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம்தான் பூச்சுக்கு ஏற்றது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, பகலில் 22, 23 டிகிரி, காற்றில் ஈரமும் கம்மி. புரட்டாசி பிறப்பதற்குள் தரைப் பலகைகள் திரும்ப உள்ளே போய்விட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வேலை நெருக்காது.

உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா

முதல் கேள்வி இதுதான். பில்ஜில், அதாவது தரைப் பலகைகளுக்குக் கீழே படகின் அடிக்குழியில், கிடக்கும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அதில் டீசலும் கழிவறைத் தண்ணீரும் கலந்திருக்கலாம். சுத்தமான கண்ணாடித் துண்டில் நாலு சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாகப் பொறுக்கு கட்டினால் கடல் தண்ணீர். லேசான அழுக்கு வளையம் மட்டும் இருந்தால் மழைத் தண்ணீர், அல்லது உங்கள் தொட்டித் தண்ணீர்.

நல்ல தண்ணீர் என்றால் மழையைக் குறை சொல்வதற்கு முன் படகின் சொந்தக் குழாய்களைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பிரஷர் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் பம்ப் தானாக 'டுர்' என்று ஓடி நின்றால் குழாயிலோ இணைப்பிலோ கசிவு. பம்ப் அமைதியாக இருக்க, பில்ஜில் மட்டும் தண்ணீர் ஏறினால் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், பில்ஜில் நிறம் தெரிந்தால் தொட்டிதான் ஒழுகுகிறது. சாய ஈரம் பலகையில் படாமல் அதற்கு முன்பே பலகைகளைத் தூக்கி வெளியே வைத்துவிடுங்கள், மரம் அந்த நிறத்தைக் குடித்தால் போகாது.

கடல் தண்ணீர் என்றால் அது எப்போது வருகிறது என்பதே பாதி விடை. படகு சும்மா கட்டிக் கிடக்கும்போதும் வருகிறதென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே ஏதோ ஒன்று: சீகாக் (படகின் உடலிலுள்ள தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு), அதன் ஹோஸ், சுக்கான் தண்டு, புரொபெல்லர் தண்டு வெளியே போகும் இடம். என்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் புரொபெல்லர் தண்டின் பாக்கிங் (தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கயிறு), கடல்நீர் பம்ப், எக்ஸாஸ்ட் ஹோஸ். பாய் ஏற்றி ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மட்டும் வந்தால் உடலும் மேல்தளமும் சேரும் விளிம்பு, அல்லது அந்தப் பக்கத்து ஜன்னல். டர்பனிலிருந்து வடக்கே ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது, எதிர்த்துத் தென்மேற்குக் காற்று அடித்தால் அலை குத்துக்குத்தாக எழும், படகு முறுக்கப்படும். துறைமுகத்தில் மாதக்கணக்கில் ஒரு சொட்டு விடாத இணைப்பு அப்படி ஒரு ராத்திரியில் திறந்துகொள்ளும். அந்தப் பயணம் முடிந்த கையோடு, எந்தப் பெட்டிக்குள் ஈரம் இருந்தது என்பதை எழுதி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் தெரியும் இடம் தண்ணீர் நுழையும் இடம் இல்லை

நண்பர் ஒருவரின் படகில் சார்ட் மேசைக்கு (கடல் வரைபடம் விரிக்கும் மேசை) அடியில் எப்போதும் ஈரம். மேலே நேராக ஜன்னல் இருந்ததால் எல்லோரும் ஜன்னலையே சந்தேகப்பட்டு, சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) மேல் சீலன்ட்டாக அப்பியிருந்தார்கள். கூரை உள்பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஜன்னல் சுற்றும் காய்ந்த தூசி. விளக்குக்குப் போகிற ஒயர்க் கட்டில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு, அதைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் போனால் இரண்டு மீட்டர் தள்ளி, பக்கக் கம்பித்தூண் ஒன்றின் அடித்தகட்டு போல்ட்டில் போய் முடிந்தது. நட்டைத் தொட்டால் விரலில் துரு. ஜன்னலில் குற்றமே இல்லை. தண்ணீர் ஒயரைப் பிடித்து ஓடும், உள்பலகையின் மேல் தேங்கும், படகு சாய்ந்த பக்கம் போகும், சாண்ட்விச் மேல்தளமாக இருந்தால் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே புகுந்து எங்கேயோ போய் வெளியே வரும்.

அதனால் உள்பலகைகளைக் கழற்றாமல் ஒழுகல் தேட முடியாது. கழற்றுங்கள், எந்தப் பலகை எந்தப் பக்கம் என்று பின்னால் பென்சிலில் எழுதிவிடுங்கள். பில்ஜைத் துடைத்து முழுக்க உலர்த்துங்கள். சந்தேகப்படும் வழியெல்லாம் முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லியதாகத் தூவுங்கள், தண்ணீர் வந்தால் அதில் கோடு விழும். போல்ட்டுகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பரை டேப் போட்டு ஒட்டுங்கள். பிறகு ஒரு நல்ல மழை வரும்வரை காத்திருக்கலாம், அல்லது ஹோஸ் பிடிக்கலாம்.

ஹோஸ் பிடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, சும்மா வழியவிட வேண்டும். பீய்ச்சினால் நல்ல இணைப்பிலும் தண்ணீர் புகும், இல்லாத ஒழுகலைத் துரத்திக்கொண்டு திரிவீர்கள். கீழிருந்து மேலாகப் போங்கள்: முதலில் தளத்தின் விளிம்பு, பிறகு தூண்களின் அடி, பிறகு ஜன்னலின் கீழ் ஓரம், பக்கம், மேல் ஓரம், கடைசியில் ஹாட்ச், அதாவது மேல்தளத்துக் கதவு. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழியும், எது ஒழுகியது என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது பொறுமையாக வையுங்கள். உள்ளே இருப்பவர் "வருது, வருது" என்றதும் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், பழைய படகில் ஒழுகல் ஒன்றோடு நிற்காது.

மேல்தளத்து போல்ட்டுகள்

கேபின் தரையைக் கெடுக்கும் நல்ல தண்ணீரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளத்தில் போல்ட் போட்டுப் பொருத்திய ஒழுகும் உருப்படியைச் சுற்றி வெளியே சீலன்ட் தடவுவது வேலையே இல்லை. கழற்ற வேண்டும். கழற்றியதும் ஓட்டைக்குள் பாருங்கள். நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ தெரிந்தால் அது சாண்ட்விச் தளம். விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்து வெளிர்நிறமாக இருந்தால் பிழைத்தீர்கள். கறுத்து, நசுநசுவென்று, டீத்தூள் நிறத்தில் தண்ணீர் கசிந்தால் உள்மரம் மக்க ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான 'டக்' சத்தம் மந்தமாக மாறுகிற இடம்வரை ஈரம் போயிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு மேல் மந்தமாக இருந்தால் மேல்தோலை வெட்டி எடுத்து உள்மரத்தை மாற்ற வேண்டியதுதான், அது தனி வேலை.

கொஞ்சம்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட் ஓட்டையை 12 அல்லது 14க்குப் பெரிதாக்குங்கள். ஒரு ஆணியின் முனையை எல் வடிவில் வளைத்து டிரில்லில் மாட்டி, ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினால் இரண்டு தோலுக்கும் நடுவிலுள்ள மக்கிய மரம் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். உறிஞ்சி எடுங்கள், ஹேர் டிரையர் வைத்துக் காயவையுங்கள், ஒரு நாள் விடுங்கள், மறுபடி பாருங்கள். நன்றாகக் காய்ந்ததும் அடியில் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்ஸியை (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) கொஞ்சம் ஊற்றி மரம் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் புதிதாக 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, மேல் விளிம்பை மட்டும் லேசாகக் குழித்துவிடுங்கள். இனி என்றைக்காவது சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், உள்மரத்தைத் தொடாது. சீலன்ட்டுக்கு ஆயுள் உண்டு, அது போகிற நாளில் படகைக் காப்பது இந்த எபாக்ஸி வளையம்தான்.

எந்த சீலன்ட்? தளத்துக்கு மேலே போல்ட் போட்டு இறுக்கும் உருப்படிகளுக்கு என் தேர்வு பியூட்டைல் டேப். ஒட்டும் பிசின் மாதிரி இருக்கும், காய்ந்து இறுகாது, வருடக்கணக்கில் நெகிழ்ந்துகொடுக்கும், நாளைக்குக் கழற்ற வேண்டியிருந்தாலும் தளத்தைப் பிய்க்காது. கூரை வேலைக்கு விற்கும் அலுமினியத் தாள் ஒட்டிய தார் டேப் வேறு, அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். போல்ட்டின் தலைக்குக் கீழே பியூட்டைலைச் சின்ன கூம்பாக உருட்டிச் சுற்றி, அடித்தகட்டுக்குக் கீழேயும் ஒரு தாள் கனத்துக்கு வைத்து இறக்குங்கள். மேலே போல்ட் திரும்பாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுற்றினால் சீல் அறுந்துபோகும். ஒரே நாளில் முழுக்க இறுக்காதீர்கள், அன்றைக்குக் கொஞ்சம், நாலு நாள் கழித்துக் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம். டர்பன் வெயிலில் பியூட்டைல் தானே பிதுங்கி வரும், பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்து, மிச்சத்தை டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் போதும். கீழே சின்ன வாஷர் போதாது, நல்ல கனமான தகடு வையுங்கள். தூணைப் பிடித்து யாராவது படகில் ஏறும்போதெல்லாம் அந்த போல்ட் ஆடினால் எந்த சீலன்ட்டும் நிற்காது.

பெட்ரோல், டீசல் படும் இடத்திலும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் பியூட்டைல் வேண்டாம். அங்கே சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரிதேன். 3எம் 5200 என்பது கிட்டத்தட்ட நிரந்தரப் பசை, இனிமேல் கழற்றவே போவதில்லை என்ற இடத்துக்கு மட்டும். குளியலறை சிலிக்கானைத் தயவுசெய்து படகுக்குள் கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு வார்னிஷும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது.

ஜன்னலும் பாய்மரமும்

அக்ரிலிக் ஜன்னல் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். ஒரு மீட்டர் நீளத் துண்டு 40 டிகிரி ஏறி இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த அசைவுக்கு இடம் விடாமல் ஸ்க்ரூவை இறுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். ஓட்டையைப் பெரிதாகப் போடுங்கள், சீலன்ட் 3 மில்லிமீட்டர் கனமாவது நிற்கும்படி இடைவெளி வையுங்கள். சாதாரண பாலியூரிதேனும் பாலிசல்ஃபைடும் அக்ரிலிக்குக்கு ஆகாது, பிளாஸ்டிக் ஜன்னலுக்கென்று உள்ளதைத்தான் வாங்க வேண்டும், உதாரணமாக சிக்காஃப்ளெக்ஸ் 295, அதற்குரிய பிரைமரோடு. டின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எதையும் தொட்டு அக்ரிலிக்கைத் துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். டின்னர் பட்ட அக்ரிலிக் முழுக்க நரம்பு நரம்பாக வெடித்துவிடும்.

பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே கீல்வரை (படகின் அடித்தண்டு) போகும் படகா? அப்படியென்றால் கயிறு போகும் ஓட்டைகள் வழியாகப் பாய்மரத்துக்குள்ளேயே மழை இறங்கும், அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். பாய்மரத்தின் அடியில் வடிகால் ஓட்டை இருக்கும், அது அடைபடாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீர் நேராக பில்ஜுக்குப் போய்விடும். அடைபட்டால்தான் பக்கத்துத் தரைப் பலகைகள் ஊறும். தளத்தில் பாய்மரத்தைச் சுற்றிக் கட்டும் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் ரிக்கிங் கம்பிகளைத் தாங்கும் செயின்பிளேட் தகடு தளத்தின் வழியாக உள்ளே வரும் இடம் ஒழுகினால் அதைத் தரைப் பிரச்சினையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். காற்றுப்படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியே பளபளவென்று இருக்கும் தகடு தளத்துக்குள் மறைந்திருக்கும் பாகத்தில் பாதி தின்னப்பட்டிருக்கலாம். அது போனால் பாய்மரமே போகும். முழுக்க வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

நீர்மட்டத்துக்குக் கீழே

பழைய பாணி பாக்கிங் வைத்த தண்டு, என்ஜின் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடுவது சரிதான், அந்தத் தண்ணீர்தான் அதைச் சூடேறாமல் காக்கிறது. நின்றபிறகும் சொட்டினால் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் அடங்கவில்லை என்றால் பாக்கிங் கயிற்றை மாற்ற வேண்டும். சீகாக்குகளைப் படகு கரையேறும்போது ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள், உலோகத்தைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் பஞ்சுபோன்ற செம்பு நிற்கிறது, அன்றே மாற்றுங்கள். ஹோஸ்களுக்கு இரட்டைக் கிளிப், 316 ஸ்டெயின்லெஸ். ஒவ்வொரு சீகாக்கின் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஒரு மரக்கூம்பு, உடைந்தால் ஓட்டையில் அடித்து அடைக்க, கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும்.

இனி தரை

பலகைகளை எல்லாம் வெளியே எடுங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் பளபளவென்று பூசியிருப்பார்கள், அடிப்பக்கமும் விளிம்பும் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கும். பெரும்பாலான படகுகளில் இந்த நிலைதான். படிக்கட்டின் கீழே உள்ள பலகையைத்தான் முதலில் பாருங்கள், ஈரக் காலோடு இறங்குவது அங்கேதான். விளிம்போரமாக ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடும், அதன் உள்பக்கம் வெனீர் அலை அலையாகத் தூக்கிக்கொண்டும் இருக்கும். மரம் தண்ணீரைக் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டுவாயால். பிளைவுட்டின் விளிம்பும் ஸ்க்ரூ ஓட்டையும் தூக்கும் வளையத்துக்காக வெட்டிய குழியும்தான் அதன் வாய்.

முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. ஈரத்தைக் காயவைக்கும் வேலைக்குக் கழுவுவது முரணாகத் தோன்றலாம், ஆனால் மரத்தில் உப்பு தங்கினால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வைத்தாலும் பலகை முழுதாகக் காயாது. கழுவியதும் சட்டங்களின் மேல் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். வெயிலில் போட்டால் வளைந்துவிடும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியில் வாரம் ஒருமுறை எடை போட்டு பலகையின் பின்னால் எழுதுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. நன்றாக ஊறிய பலகைக்கு வாரங்கள் ஆகும்.

காய்ந்தபின் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்தப் பலகையைக் காப்பாற்ற முயல வேண்டாம், அதையே அச்சாக வைத்து பி.எஸ். 1088 (பிரிட்டிஷ் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் புதிது வெட்டுங்கள். திடமான மரத்தில் போட ஆசைப்படுபவர்களுக்கு இங்கே கியாட் நல்ல மரம். நம் ஊர் வேங்கையின் இனம், ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் அதிகம் அசைந்துகொடுக்காது. அறுக்கும்போது தூள் மூக்கை அரிக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்புத் திட்டுகளுக்கு ஆக்சாலிக் அமிலம். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்பும் தண்ணீரில் சேர்ந்து உண்டாகும் கறுப்பை அது வெளுக்கும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் அளவில் கரைத்து, திட்டில் மட்டும் தொட்டு வைக்காமல் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். கால் மணி நேரம் கழித்து நிறைய தண்ணீரில் கழுவி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை, மறுபடி நல்ல தண்ணீரில் ஒருமுறை. இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது, கழுவாமல் காய்ந்த பலகையைத் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்கவே கூடாது. பிறகு மறுபடி காயவிட வேண்டும்.

தேய்ப்பதில் கை அடக்கமாக இருக்கட்டும். தேக்கும் வெள்ளைக் கோடும் மாறி மாறி வரும் அந்த அழகான மேல்தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெல்ட் சாண்டர் வைத்தால் அரை நிமிடத்தில் அடிப்பலகை தெரிந்துவிடும். கட்டையில் சுற்றிய 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, இழை போகும் திசையில்.

அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் எபாக்ஸி. பலகையை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ இளஞ்சூடாக்கி, சூடு ஆறத் தொடங்கும்போது பூசுங்கள். ஆறும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும், எபாக்ஸியை உள்ளே இழுக்கும். சூடேறும்போது பூசினால் நேர்மாறாக, காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். அடிப்பக்கம் இரண்டு கை, விளிம்புக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் மூன்று கை. காய்ந்த எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் பிசுபிசுப்பு படியும், ஈரக்காற்றில் இன்னும் அதிகம். தண்ணீர் தொட்டு பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

மேல்பக்கத்துக்கு வார்னிஷ். எண்ணெய் பூசுவது எளிது என்பார்கள், மூடிக் கிடக்கும் கேபினில் டர்பன் ஈரத்துக்கு எண்ணெய்ப் பலகை பூஞ்சை பிடித்துக் கறுக்கிறது, நான் அதைப் பூசச் சொல்லமாட்டேன். முதல் கை பாதிக்குப் பாதி டின்னர் கலந்து, மரம் குடிக்கட்டும். இரண்டாவது கையில் கால் பங்கு, அதன்பின் மூன்று நாலு கை அப்படியே. ஒவ்வொரு கைக்கும் நடுவே 320 உப்புத்தாள், ஈரத்துணியால் தூசி துடைப்பு. காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். ஆடியிலும் சாயங்காலம் பனி இறங்கும், அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்து மதியம் இரண்டு மணிக்குள் பிரஷைக் கழுவிவிடுங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு தரைக்கு ஆபத்து, படகு சாயும்போது ஈரக் கால் வழுக்கும். கடைசிக் கையில் வழுக்காமலிருக்கக் கலக்கும் பொடியைப் போடுங்கள், படிக்கட்டு அடியிலாவது கட்டாயம்.

பலகைகள் வெளியே காயும் நாட்களில் பில்ஜைச் சும்மா விடாதீர்கள். தாங்கும் சட்டங்களைச் சுத்தம் செய்து அவற்றுக்கும் எபாக்ஸி, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குத் தண்ணீர் போகும் சின்ன ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். பில்ஜுக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அடுத்த கசிவு முதல் நாளே கண்ணில் படும்.

திரும்பப் போடும்போது சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும், இடமில்லாவிட்டால் பலகை இறுகிக்கொண்டு தூக்கவே வராது. மேலே ரப்பர் அடி வைத்த மேட் போடாதீர்கள், அடியில் ஈரம் சிக்கி ஒரே மாதத்தில் வேலையைக் கெடுக்கும். பருத்தி விரிப்பு போதும், அதையும் படகை விட்டுப் போகும்போது சுருட்டி எடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டுப் போகிறீர்கள் என்றால் நடுவில் இரண்டு பலகைகளைத் தூக்கிச் சாய்த்து வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்து, சோலார் விசிறி ஒன்றை ஓடவிட்டுப் போங்கள். குளிர்கால ராத்திரிகளில் கேபினுக்குள் வியர்த்துக் கொட்டுவதை ஒழுகல் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கு மருந்து காற்றோட்டம், சீலன்ட் இல்லை.

பலகைகளை ஸ்க்ரூ போட்டு இறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். கடலில் படகு புரட்டினால் பலகை பறக்கக் கூடாது, அதனால் பூட்டு வேண்டும்தான், ஆனால் கையால் கால் சுற்று திருப்பினால் திறக்கிற பூட்டாக இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் சீகாக் ஒன்று உடைந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஸ்க்ரூடிரைவர் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எந்தப் பலகைக்கு அடியில் எந்த சீகாக் என்று அடிப்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவிட்டு, உங்களோடு வருகிற ஒவ்வொருவரையும் துறைமுகத்திலேயே ஒருமுறை கையால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.